பிக்அப்பில் பைக் ஏற்றும் அந்தப் பத்து நிமிடம்

பைக் பழுது பார்ப்பதும், ஓடாமல் நின்றுபோன பைக்குகளைப் பிக்அப்பில் ஏற்றிக் கொண்டுவருவதும் என் தொழில். இதில் அடிபட்டவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் பிக்அப் ஓடும்போது அடிபடவில்லை. அது அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது, ஏற்றுகிற அல்லது இறக்குகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் அடிபட்டது.

ஒரு வாடிக்கையாளர் காலில் மாவுக்கட்டோடு வந்து பைக்கைக் காட்டினார். 350 சிசி வண்டி, 190 கிலோ இருக்கும். ஒற்றைப் பலகையைச் சாய்த்து வைத்து, தரையில் நடந்தபடியே மேலே தள்ளியிருக்கிறார். பாதி தூரத்தில் பைக் அவர் பக்கம் சாய்ந்தது. "சாயுதுன்னு தெரிஞ்சதும் ஓடிப்போய் முட்டுக் கொடுத்தேன்ணே" என்றார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பைக்குக்குச் சேதம் என்று பார்த்தால் ஒரு கிளட்ச் லிவரும் ஒரு இண்டிகேட்டரும்தான். அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் பழையபடி நடக்க மாதக்கணக்கில் ஆனது.

அவர் செய்ததைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள். பிக்அப்பின் பாடி, அதாவது சரக்கு வைக்கும் தளம், தரையிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பலகையின் பாதியில் பைக் நிற்கும்போது அது 40 சென்டிமீட்டர் மேலே போய்விடுகிறது. நீங்களோ இன்னும் தரையில் நிற்கிறீர்கள். இடுப்பு உயரத்தில் இருந்த ஹேண்டில்பார் தோளுக்கு வந்துவிடும். அந்த உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு 190 கிலோவை யாராலும் தாங்க முடியாது. அதனால் பைக்குக்கு ஒரு பலகை என்றால், நடப்பவருக்கும் பக்கத்தில் அதே அகலத்தில் இன்னொரு பலகை வேண்டும். பைக் ஏற ஏற நீங்களும் சேர்ந்து ஏறவேண்டும். இரண்டாவது பலகை இல்லையென்றால், கிடைக்கும்வரை காத்திருங்கள்.

பலகையின் நீளத்தையும் பாருங்கள். 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5 அடிப் பலகை வைத்தால், அந்த 190 கிலோ வண்டி சுமார் 100 கிலோ விசையோடு உங்களைக் கீழே தள்ளப் பார்க்கும். 8 அடிப் பலகை வைத்தால் அது 60 கிலோவுக்குச் சற்று மேல்தான். பலகை நீண்டால் இன்னொரு லாபமும் உண்டு: பலகை முடிந்து பாடி தொடங்கும் இடத்தில் வரும் மேட்டில் சைலன்சரோ என்ஜின் அடிப்பாகமோ தட்டாது. அங்கே தட்டி, இரண்டு சக்கரமும் சரியாகப் பதியாமல் பைக் ஊசலாடினால், அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்லவே முடியாது. நீளமான பலகை கிடைக்காவிட்டால், பிக்அப்பின் பின்பக்கத்தை ஒரு மேட்டை ஒட்டி நிறுத்துங்கள். ஏற வேண்டிய உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அப்புறம், பலகையை பிக்அப்போடு சேர்த்துக் கட்டுங்கள். இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்குச் சம்மதமே. என்ஜினை ஓடவிட்டுப் பைக்கை ஏற்றும்போது பின்சக்கரம் பைக்கை மேலே தள்ளுகிறது. அதே அளவுக்குப் பலகையைப் பின்னால் உதைக்கிறது. பலகையின் மேல்முனை பாடியின் விளிம்பில் இரண்டு விரற்கடை மட்டும் உட்கார்ந்திருக்கும். பாரம் ஏற ஏற பிக்அப்பின் பின்பக்கமும் அமுங்கி இறங்கும், அதில் பலகை இன்னும் கொஞ்சம் நகரும். முன்சக்கரம் மேலே, பின்சக்கரம் பலகையில் இருக்கும் நேரத்தில் பலகை கழன்றால் பைக், பலகை, ஆள் மூன்றும் ஒன்றாகத்தான் விழும். பலகையின் மேல்முனையில் ஒரு சங்கிலியோ பெல்ட்டோ மாட்டி பிக்அப்பின் சேஸியில் கட்டிவிட்டால் இது நடக்காது. பிக்அப்பை கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

யாரும் பைக்கில் உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். மேலே போனதும் கால் ஊன்ற இடமிருக்காது. 150 சிசி வரையிலான வண்டி என்றால் என்ஜினை அணைத்துவிட்டு மூன்று பேர் தள்ளுவதே என் வழக்கம். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிடும் ஆபத்து அதில் இல்லை. உதவிக்கு வருபவர் பைக்கின் பின்னால் நேராக நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று தள்ள வேண்டும். தொடங்குவதற்கு முன்னால் நான் எல்லாரிடமும் ஒன்று சொல்லிவிடுவேன்: சாய்ந்தால் விட்டுவிட்டு விலகுங்கள், பிடிக்காதீர்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால் கை தானாகப் பிடிக்கத்தான் போகும்.

சரி, பைக் மேலே ஏறிவிட்டது. முன்சக்கரம் பாடியின் முன்சுவரில் முட்டி நேராக நிற்கட்டும். இனி கட்டும் வேலை.

சைடு ஸ்டாண்டைப் போட்டு, அந்தச் சாய்வோடே கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு குழியிலும் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடும், ஸ்டாண்ட் மட்டும் ஆடாது. மொத்த அடியும் ஸ்டாண்ட் பொருந்தியிருக்கும் அந்தச் சின்னப் பட்டையில் போய் இறங்கும். பட்டை வளைந்து, சில நேரம் பற்றவைப்பே விட்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சென்டர் ஸ்டாண்டும் வேண்டாம், பிரேக் பிடித்தால் பைக் முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். இரண்டு சக்கரத்திலும் நிமிர்ந்து நிற்க, இரண்டு பக்கமும் பெல்ட் இழுத்துப் பிடிக்கவேண்டும். கியர் ஒன்றில் இருக்கட்டும்.

முன்பக்க பெல்ட்டுகளை ஹேண்டில்பாரின் நுனியில் மாட்டாதீர்கள், பார் வளையும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ்க் கவ்வியைச் சுற்றி ஒரு துணி வளையம் போட்டு, அதில் பெல்ட்டை மாட்டுங்கள். அங்கிருந்து இரண்டு பெல்ட்டும் முன்னாலும் வெளிப்புறமாகவும் சாய்ந்து, பாடியின் தரைக் கொக்கிக்குப் போகவேண்டும். பிரேக் ஹோஸும் ஒயர்களும் இடையில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். ஃபோர்க் நான்கைந்து சென்டிமீட்டர் அமுங்கியதும் நிறுத்துங்கள். அந்த அமுக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், அமுங்காத ஃபோர்க் அடுத்த குழியில் அமுங்கும். அந்தக் கணத்தில் பெல்ட் தளரும், வாய் திறந்த கொக்கி சத்தமில்லாமல் கழன்று விழும். முன்கூட்டியே அமுக்கி வைத்திருந்தால் ஸ்பிரிங் எந்நேரமும் பெல்ட்டை இழுத்தபடியே இருக்கும். அதற்காக ராட்செட்டை, அதாவது பெல்ட்டை இறுக்கும் பல்சக்கர லிவரைப் போட்டு அடியோடு அமுக்கிவிடாதீர்கள், ஆயில் சீல் போய்விடும். பின்பக்கம் இரண்டு பெல்ட் போதும். வால்பகுதி இடம் வலமாகத் துள்ளாமல் இருக்கத்தான் அவை.

கயிறு போதாதா என்று கேட்பார்கள். நைலான் கயிறு நனைந்தால் இன்னும் நீளும். முடிச்சு விழும் இடத்தில் பலம் பாதியாகவே குறையலாம். பாலியஸ்டர் பெல்ட் அவ்வளவு நீளாது. பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் அறுபடும் பலம் என்று ஓர் எண்ணும், வேலைப் பாரம் என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. அதைத்தான் பார்க்கவேண்டும். வெயிலில் வெளுத்து, ஓரம் பிசிறடித்த பெல்ட்டை இன்றே தூக்கிப் போடுங்கள்.

பெல்ட் எதுவும் கட்டாமல், ஒருவரை பாடியில் ஏற்றி "பிடிச்சுக்கிட்டே வா" என்று சொல்லிக் கிளம்புகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சரக்கைக் கட்டுவதற்கு வைத்திருக்கும் கணக்கு இது: திடீரென்று பிரேக் பிடித்தால் சரக்கின் எடையில் 80 சதவீத விசை முன்பக்கமாகவும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டிலும் வரும், கட்டு அதைத் தாங்கவேண்டும். 190 கிலோ பைக்குக்கு அது முன்னால் 152 கிலோ, பக்கவாட்டில் 95 கிலோ. பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கும் முன்சுவருக்கும் நடுவில் அந்த விசை வந்து சேரும். நான் முதலில் சொன்ன அந்த ஒருவர், ஓடும் பிக்அப்பில் அடிபட்டவர், இப்படிப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான். அவருடைய இடது கை இன்றைக்கும் முழுசாக மடங்காது.

கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் வால்வை மூடிவிடுங்கள். பைக்கைப் படுக்கவைத்துக் கொண்டுபோகவே கூடாது. தார்ப்பாய் போர்த்தினால் காற்றில் படபடத்துப் பெயின்டைத் தேய்க்கும், பெல்ட் கட்டையும் தளர்த்தும். அதனால் நான் போர்த்துவதில்லை. கிளம்பி ஐந்து கிலோமீட்டருக்குள் ஒருமுறை ஓரம் கட்டி நான்கு பெல்ட்டையும் கையால் தட்டிப் பாருங்கள். முதல் கட்டு அநேகமாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கஷ்டம். பைக் பின்பக்கமாக இறங்கும்போது பாரத்தின் பெரும்பகுதி கீழே இருக்கும் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன்பிரேக்கை எவ்வளவு பிடித்தாலும் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு பலகையில் வழுக்கும். பின்பிரேக்கோ காலில், அதுவும் பைக்கின் மறுபக்கம். இதற்கு ஒரு வழி உண்டு: என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி இறக்குங்கள். கிளட்சை விட்டால் பின்சக்கரம் அப்படியே நிற்கும். கொஞ்சம் பிடி, அரையடி இறங்கும், விடு, நிற்கும். இடது கை கிளட்சில், வலது கை பின்பக்கக் கைப்பிடியில். தள்ளி ஏற்றும்போது நடுவில் மூச்சு வாங்க நிற்பதற்கும் இதே வழிதான். ஸ்கூட்டரில் பின்பிரேக்கே இடது கையில் இருப்பதால் அது எளிது. கிளட்ச் கேபிள் அறுந்த வண்டி என்றால், பைக்கின் முன்பக்கத்தில் கயிறு கட்டி, பாடியின் கொக்கியில் ஒரு சுற்று சுற்றி, மேலே ஒருவர் நின்று கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும்.

பெல்ட்டை அவிழ்க்கும்போது பின்பெல்ட்டுகள் முதலில். பிறகு சைடு ஸ்டாண்டைப் போடுங்கள், ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும். அவர் "பிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு முன்பெல்ட்டில் கை வையுங்கள்.