டிஜிட்டல் ரேடியோ வந்தால் நம் வீட்டு எஃப்எம் பெட்டி என்ன ஆகும்?

2025 மார்ச் கடைசியில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற எங்கள் ஆயா போன் செய்து, "கண்ணு, முப்பத்தோராம் தேதியோட ரேடியோவும் நின்னு போயிடுமாமே, ஏதோ பெட்டி வாங்கி மாட்டணுமாமே?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாராம். காலையில் நம் இந்திய மொழி நிகழ்ச்சிகள் வருகிற லோட்டஸ் எஃப்எம் ஓடாமல் ஆயா வீட்டில் டீத்தண்ணி கொதிக்காது, அதனால் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதற்கப்புறம் இதே கேள்வியை கோயிலில் ஒருவர் கேட்டார், ஒரு பதினாறாம் நாள் வீட்டில் இன்னொருவர் கேட்டார். சரி, தெரிந்ததை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிறுத்துவதாகச் சொன்னது டிவியை, ரேடியோவை அல்ல. தென்னாப்பிரிக்காவில் பழைய அனலாக் டிவி ஒளிபரப்பை 2025 மார்ச் 31 அன்று நிறுத்த அரசு தேதி குறித்திருந்தது, தனியார் டிவி நிறுவனமான இ.டிவி போட்ட வழக்கில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2022இலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. ஜூன் 30 என்று அப்போது வைத்த தேதியை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. மாதம் 3,500 ராண்டுக்குக் குறைவாக வருமானம் உள்ள வீடுகளுக்கு இலவசமாகத் தருகிற அந்தப் பெட்டியும், டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவியில் காட்டுகிற பெட்டி, டிவிக்குத்தான். ஆண்டுக்கு 265 ராண்ட் லைசென்ஸ் கட்டுகிறோமே, அதுவும் டிவிக்குத்தான். ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டியதில்லை.

ரேடியோவுக்கான விதி வேறு. 2020இல் தகவல் தொடர்பு அமைச்சர் டிஜிட்டல் ஒலிபரப்பு பற்றி ஒரு கொள்கை வழிகாட்டுதல் வெளியிட்டார், அதைப் பின்பற்றி ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா 2021இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. நமக்கு அதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: டிஜிட்டல் ரேடியோ எஃப்எம்முக்குப் பதிலாக வரவில்லை, எஃப்எம்முக்குப் பக்கத்தில் கூடுதலாக வருகிறது. எஃப்எம்மை நிறுத்த எந்தத் தேதியும் குறிக்கவில்லை. ஆயாவின் பெட்டி பாடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் இது எதற்கு என்று கேட்பீர்கள். இடம் இல்லை, அதுதான் காரணம். எஃப்எம் என்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஒரு சின்னத் தெரு, அதில் ஒவ்வொரு நிலையமும் பக்கத்து நிலையத்தோடு இடிக்காமல் தள்ளி நிற்க வேண்டும், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் போன்ற பெரிய ஊர்களில் அந்தத் தெரு எப்போதோ நிரம்பிவிட்டது. புதிதாக ஒரு சமூக வானொலி தொடங்க விரும்புகிறவர்களிடம் பணமும் ஆளும் இருந்தாலும் அலைவரிசை இல்லை என்ற பதில்தான் வரும். டிஜிட்டல் ரேடியோவில் ஒரு வகையான டிஏபி பிளஸ் முறையில் ஒரே அலைவரிசைத் தொகுப்பில் பல நிலையங்களைச் சேர்த்து அனுப்பலாம். ஒரு நிலையத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட் என்று கணக்கு வைத்தால் 18 நிலையங்கள் வரை பிடிக்கும். எஃப்எம் ஒரு வண்டிக்கு ஒரு ஆள் போவது மாதிரி. இது நம் ஊர் மினிபஸ் டாக்சி மாதிரி, எல்லாரும் ஒரே வண்டியில், பெட்ரோல் செலவும் பங்கு. டிஆர்எம் என்று இன்னொரு முறையும் விதியில் இருக்கிறது. அது பழைய ஏஎம் ரேடியோவின் மத்திய அலையிலும் ஓடும், ஒரே டிரான்ஸ்மிட்டரில் வெகுதூரம் எட்டும், வீடுகள் சிதறிக் கிடக்கிற கிராமப்புறங்களுக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சோதனையும் நடந்திருக்கிறது. 2014இல் ஒலிபரப்புக் கோபுரங்களை நடத்துகிற அரசு நிறுவனமான சென்டெக்கும் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியும் சேர்ந்து ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பகுதியில் டிஏபி பிளஸ் சோதனை ஒலிபரப்பைத் தொடங்கின. ரேடியோ புல்பிட் என்ற கிறிஸ்தவ வானொலி பிரிட்டோரியா பக்கம் மத்திய அலையில் டிஆர்எம் சோதித்துப் பார்த்தது. தொழில்நுட்பம் வேலை செய்கிறது, அதில் சந்தேகம் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் இது நம் வீடுகளுக்குள் வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று சொல்வார்களே, டிஜிட்டல் ரேடியோ அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்க ஆள் இல்லாத ஒலிபரப்புக்கு நிலையங்கள் காசு போடத் தயங்குகின்றன, ஏனென்றால் எஃப்எம் செலவும் அப்படியே இருக்க டிஜிட்டல் செலவு அதன் தலையில் ஏறும். நிலையம் இல்லாத ரேடியோவைக் கடைக்காரர் வாங்கி அடுக்குவதில்லை. கடையில் இல்லாததை ஆயா எப்படி வாங்குவார்? வெளிநாட்டில் இந்த முடிச்சை இரண்டு வழியில் அவிழ்த்தார்கள். நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை நிறுத்தியே விட்டது, மக்கள் வேறு வழியில்லாமல் மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர் முதல் புதுக் காரில் வருகிற ரேடியோவில் டிஜிட்டலும் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் நாட்டிலேயே ரோஸ்லினில் தயாராகி ஜெர்மனிக்குக் கப்பல் ஏறுகிற பிஎம்டபிள்யூ காரும் அந்தச் சட்டத்துக்குள்தான் வரும். நம் விதியில் அப்படி ஒரு கட்டாயம் வந்தால் போதும், பாதி வேலை முடியும்.

நார்வே வழி நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சுவிட்சர்லாந்தில் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் எஃப்எம்மை நிறுத்தியபோது கேட்பவர் எண்ணிக்கை சரிந்தது, அவ்வளவு பணக்கார நாட்டிலேயே. இங்கே 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். குவாசுலு-நடாலில் 400க்கும் மேற்பட்டோர் செத்துப்போன அந்த வாரத்தில் ஆயா வீட்டில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, போனில் சிக்னல் இல்லை. சமையலறை ஜன்னல் ஓரம் இரண்டு தடி பேட்டரி போட்ட ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு வருகிறது, எந்தப் பாலம் போய்விட்டது என்பதெல்லாம் அதில்தான் தெரிந்தது. ஆன்டெனா உடைந்து ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார், கரகரவென்று இரைச்சலோடுதான் கேட்டது, ஆனால் சொல்வது புரிந்தது. டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் அப்படி இரைச்சலோடு கேட்காது, சொல் அறுந்து அறுந்து வந்து, அப்புறம் சட்டென்று மௌனம்தான். டிஜிட்டல் பெட்டி பேட்டரியையும் சீக்கிரம் தின்னும். அதே சமயம், டிஏபி பிளஸிலும் டிஆர்எம்மிலும் ஆபத்து நேரத்தில் ஓய்வு நிலையில் இருக்கிற ரேடியோவைத் தானாக எழுப்பி எச்சரிக்கை சொல்கிற வசதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரல் இரவில் ஆற்றோரக் குடிசைகளில் அது இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாமா ஒரு கடையில் 'டிஜிட்டல் ரேடியோ' என்று எழுதிய பெட்டியை 600 ராண்ட் கொடுத்து வாங்கி வந்தார். திறந்து பார்த்தால் சாதாரண எஃப்எம்தான், அலைவரிசை எண் மட்டும் சிவப்பு விளக்கில் தெரிகிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் எண் தெரிகிறதே, அது டிஜிட்டல்தானே என்று வாதம் பண்ணினார்கள். ஏமாறாதீர்கள், பெட்டியில் டிஏபி பிளஸ் அல்லது டிஆர்எம் என்று அச்சிட்டிருந்தால்தான் அது டிஜிட்டல் ரேடியோ. அப்படிப்பட்டதையும் இப்போது அவசரப்பட்டு வாங்க வேண்டாம், டர்பனில் அதற்கு வேலை இல்லை. இதற்கென்று அரசு மானியமோ இலவசப் பெட்டியோ அறிவிக்கவில்லை, யாராவது பதிவு பண்ணித் தருகிறேன் என்று அடையாள எண் கேட்டால் கொடுக்காதீர்கள். போனில் ஆப் வழியாகக் கேட்பது இந்த விதிமுறையில் சேராது, அது இன்டர்நெட், டேட்டா காசு நம் தலையில்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், எனக்கு இது தமிழ் விஷயம். 1983இல் ரேடியோ லோட்டஸ் தொடங்கியதிலிருந்து தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது எல்லாம் ஒரே நிலையத்தின் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, பெரும்பகுதி ஆங்கிலத்தில் போகிறது. அந்த நிலையத்தைக் குறை சொல்லவில்லை, இருபத்து நாலு மணி நேரத்தை எத்தனை பேருக்குத்தான் பிரிக்க முடியும்? டர்பனில் ஒரு டிஜிட்டல் தொகுப்பு வந்தால் அதில் முழுக்கத் தமிழில் ஒரு சேவைக்கு இடம் கேட்கலாம். உரிமம் வாங்க வேண்டும், செலவுக்கு வழி பார்க்க வேண்டும், எதுவும் சும்மா கிடைக்காது. ஆனால் அலைவரிசை இல்லை என்ற பதிலை அப்போது யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. அதோடு இந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில், ஆறாம் பிரிவில், மொழிகள் வாரியம் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. நம் ஆட்கள் நிறைய பேருக்கு இது தெரியாது. மனு எழுதும்போது முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

மனு எப்போது எழுதுவது? ஐகாசா புது விதியோ திருத்தமோ கொண்டுவருவதற்கு முன் வரைவை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம். வக்கீல் தேவையில்லை. கோயில் கமிட்டி எழுதலாம், தமிழ்ப் பள்ளி எழுதலாம், ஆயா பேத்தியிடம் சொல்லி எழுத வைக்கலாம். எங்கே அனுப்ப வேண்டும், கடைசி நாள் எது என்பது அறிவிப்பிலேயே இருக்கும். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் தமிழ் நிகழ்ச்சி கேட்கிறீர்கள், எந்த நேரத்தில், எந்தப் பெட்டியில் என்று உங்கள் கதையையே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும், கையெழுத்தும் தேதியும் போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.