சாட்சி சொல்லும் முன் சர்க்கரை பாருங்கள்

நான் சர்க்கரை நோய் மருத்துவர். ஞாயிறு ஆராதனையையும் தவற விடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை நிற்க வைத்தது ஓர் இரவு.

அவசரப் பிரிவுக்கு ஒரு கல்லூரி மாணவியைக் கொண்டுவந்தார்கள். இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மூச்சில் பழ வாடை. முதல் வகைச் சர்க்கரை நோய். இன்சுலின் நின்றதால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறியிருந்தது. சர்க்கரை 520.

"முந்தாநாள் ஜெபக்கூட்டத்துல சுகமாயிட்டா டாக்டர். இனிமே ஊசி போட்டாலும், சர்க்கரை பார்த்தாலும் அவிசுவாசம்னு ஊழியக்காரர் சொல்லிட்டார்" என்றார் அவள் அம்மா. இன்சுலின் அவர் கைப்பையிலேயே இருந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, போட்டுவிடவும் பயம்.

பெண் பிழைத்துக்கொண்டாள்.

ஜெபத்தால் சுகம் வராது என்று சொல்ல நான் ஆளில்லை, நானும் ஜெபிக்கிறவன்தான். எனக்கு உறுத்தியது அந்த 'சர்க்கரை பார்க்காதே'தான். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளை இயேசு எங்கே அனுப்பினார்? 'நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்.' லேவியராகமம் 13, 14 அதிகாரங்களைப் படித்தால் எனக்கு மருத்துவமனை ஞாபகம்தான் வரும். யூதக் குருவான ஆசாரியர் தோலைப் பார்ப்பது, ஏழு நாள் தனியே வைப்பது, மறுபடி பார்ப்பது, அதற்குப் பிறகே 'சுத்தம்' என்று சொல்வது. சுகம் கொடுக்கிறவரே சோதனைக்கு அனுப்புகிறார்! போகிற வழியில்தான் அவர்கள் சுத்தமானார்கள்.

சரி, அந்த ஊழியக்காரர் வசனம் காட்டித்தானே சொன்னார் என்று கேட்கலாம். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, 'தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்' என்று சாத்தான் காட்டியதும் வசனம்தான், 91-ஆம் சங்கீதம். அதில் 'உன் வழிகளிலெல்லாம்' என்ற சொற்களை மட்டும் நைசாக விட்டுவிட்டான். இயேசு உபாகமம் 6-இல் இருந்து 'கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக' என்பதை எடுத்து, அந்த வசனத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். நாமும் அப்படி வைத்துப் பார்க்கலாம். 'தழும்புகளால் குணமாகிறோம்' என்ற ஏசாயா 53-இன் பக்கத்தில் பவுலின் கடிதங்களை வையுங்கள். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்ததாகச் சொல்கிறார். இருவரையும் அவிசுவாசிகள் என்று அவர் திட்டவில்லை.

இப்போது என்னிடம் வருகிற விசுவாசிகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். "டாக்டரிடம் காட்டிவிட்டு, சுகமானதைச் சபையில் சாட்சி சொல்லட்டுமா என்று உங்கள் ஊழியக்காரரிடம் கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்." எங்கள் போதகர் என்றால், "முதலில் காட்டிவிட்டு வா" என்று துரத்திவிடுவார். கோபப்படுகிறவரும் உண்டு. சாபம் வரும் என்று மிரட்டுகிறவரும் உண்டு.

அந்த அம்மா போன மாதம் மகளோடு வந்தார். "இனிமே ஜெபக்கூட்டத்துக்குப் போகலாமா டாக்டர்?" என்று தயங்கிக் கேட்டார்.

"தாராளமா போங்கம்மா. ஊசியை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, தினமும் சர்க்கரை பாருங்க. நிஜமாவே சுகமானா வழக்கமா போடற ஊசி அளவுக்கே சர்க்கரை ரொம்பத் தாழ ஆரம்பிச்சிடும். உடனே எனக்கு போன் பண்ணுங்க, நானே ஊசியைக் குறைக்கிறேன்."