இரண்டு அர்த்தத்திலும் கட்சிக்காரர்

வக்கீல்கள் பேச்சில் கட்சிக்காரர் என்றால் வழக்கோடு வருபவர். தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் அறைக்கு இரண்டு அர்த்தத்திலும் கட்சிக்காரர்கள் வருவதுண்டு. போன மாதம் வந்தவர் வடசென்னையில் வெகுநாள் வட்டச் செயலாளராக இருந்தவர். கையில் பேப்பர் கட்டிங்: அடிப்படை உறுப்பினர் உள்பட அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும் நீக்கம், கட்சியினர் யாரும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

"நோட்டீஸ் வந்துச்சாண்ணே?"

"பேப்பர்ல பார்த்துதான் சார் தெரியும்."

சரி, விளக்கம் கேட்காமல் நீக்கியது கட்சியின் சட்டவிதிக்கே முரண் என்றால் சிவில் கோர்ட்டில் வாதிட இடமுண்டு. விதிப் புத்தகம் கேட்டேன். பார்த்ததே இல்லையாம். உறுப்பினர் அட்டையை பர்ஸிலிருந்து எடுத்தார். லேமினேஷன் பிரிந்திருந்தது, புதுப்பிக்க வேண்டிய காலம் தாண்டி நாலு வருடம். நீக்குவதற்கு அவர் உறுப்பினராகவே இல்லை!

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி பதிவு செய்யும்போது கட்சிகள் சட்டவிதியைக் கொடுக்கின்றன. ஐந்தாண்டுக்குள் ஒருமுறை உட்கட்சித் தேர்தல் என்பதும் தேர்தல் ஆணையத்தின் நிபந்தனை. நடத்தாவிட்டால்? மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தேர்தல் நடக்கிறது, 'ஏகமனதாக'.

அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. ஆனால் 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழுவுக்குப் பிறகு, போட்டியிடவே 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். தி.மு.க.வில் 2018-லும் 2022-லும் ஸ்டாலின் தலைவரானதும் போட்டியின்றித்தான். ஓட்டுரிமை தொண்டனிடம் இருந்தாலும் ஓட்டுப் போட இரண்டாவது பெயர் வேண்டுமே!

எல்லாவற்றையும்விட வலுவான காகிதம் பி படிவம்: இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கையெழுத்திட்டுத் தருவது. மனுத்தாக்கல் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் தேர்தல் அலுவலர் கைக்குப் போயாக வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது, மையில் போட்ட கையெழுத்து வேண்டும். அந்தப் பேனா யார் பையில் இருக்கிறதோ, மாவட்டமே அவர் வீட்டு வாசலில் நிற்கும்.

இதையெல்லாம் விளக்கி, முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றேன். அவர் கட்டிங்கை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கேஸெல்லாம் வேணாம் சார். தலைமைக்கு நல்ல தமிழ்ல ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் குடுங்க."