வேலையை விட்டுத் தீம் பார்க்கில் சேருமுன்: சம்பளக் கணக்கும் லேப் பாரும்

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தீம் பார்க்கில் சேர விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு குறையும் என்றுதான். ரைடுகளின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கையிருப்பு இல்லாமல் சேர்ந்தவர் கிடைக்கிற ஷிஃப்டையெல்லாம் வாங்கிக்கொள்வார், விடுமுறை நாளையும் விட்டுக்கொடுப்பார். பத்தாவது மணி நேரத்தில் அவருடைய கண் இருக்கையைப் பார்க்கும், மனம் பார்க்காது. பயணியை இருக்கையில் பிடித்து நிறுத்த மடிமேல் இறங்கும் கம்பிதான் லேப் பார். சரியாகப் படியாத லேப் பார் ஒன்று அப்போதுதான் அவரைத் தாண்டிப் போகும். அதனால் பணக்கணக்கைப் பேசுமுன் பிளாட்ஃபார்மில் நிற்பது என்றால் என்னவென்று பார்த்துவிடுவது நல்லது.

பிளாட்ஃபார்மில்

24 இருக்கைகள் உள்ள ரோலர் கோஸ்டர் ரயில் ஒன்று. 90 விநாடிக்கு ஒரு முறை கிளம்பினால் மணிக்கு 40 நடை, 960 பேர். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று சோதித்தால் ஒருவர் பங்குக்கு 12 இருக்கைகள், மணிக்கு 480 லேப் பார்கள். ஆறு மணி நேரத்தில் 2,880. கடைசியாகப் பார்ப்பதையும் முதலில் பார்த்த அதே கவனத்தோடு பார்க்க முடியுமா என்பதை இந்த வேலைக்கு வர நினைப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோதனையில் வித்தை எதுவும் கிடையாது. பார் தொடையோடு ஒட்டிப் படிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கையால் கீழே ஓர் அழுத்து, மேலே ஓர் இழு. சீட் பெல்ட் இருந்தால் பக்கிளைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கையை எடுத்த பிறகே கண் அடுத்த இருக்கைக்குப் போகலாம். பூட்டு விழாவிட்டால் ரயிலே கிளம்பாதே, பிறகு ஏன் கையால் இழுக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். பல ரைடுகளில் சென்சார் உண்டு, உண்மைதான். ஆனால் அதற்குத் தெரிவது பெரும்பாலும் பூட்டு விழுந்ததா என்பது மட்டுமே. பார் தொடைமேல் படிந்திருக்கிறதா, மடியில் இருக்கும் பைமேல் படிந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. முதல் இறக்கத்தில் பை நழுவி விழுந்தால், பை இருந்த அளவுக்கு இடைவெளி பயணிக்கும் பாருக்கும் நடுவில் வந்துவிடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கை பழகிய பிறகு. இரண்டாவது மணி நேரத்தில் கை தானாகப் போய்த் தொடும், பார்வை அடுத்த வரிசையில் இருக்கும். இதற்கு நடைமுறையில் உதவுகிறவை சில உண்டு. எப்போதும் ஒரே திசையில், முன்னிருந்து பின்னாகப் போவது. நடுவில் யாராவது கேள்வி கேட்டுக் கவனம் கலைந்தால் அந்த வரிசையை முதலிலிருந்து மறுபடி பார்ப்பது. எல்லாம் சரி என்று பெருவிரலை உயர்த்திக் காட்டுவதைக் கடைசி இருக்கை முடிந்த பிறகே செய்வது. இவற்றுக்கெல்லாம் மேலானது சுழற்சி: ஒரே இடத்தில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், பிறகு வாசலுக்கோ கியூவுக்கோ கண்ட்ரோல் பேனலுக்கோ மாற்றம். நேர்காணலில் "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். "ஆள் இருந்தால் மாற்றுவோம்" என்று பதில் வந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை என்று புரிந்துகொள்ளலாம்.

உயர அளவுகோல் பக்கத்தில் நிற்பதும் இதே அளவுக்குக் கடினம். ஒரு சென்டிமீட்டர் குறைவான குழந்தை, ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வந்த அப்பா. "ஒரு சென்டிமீட்டர்தானே?" என்பார். உயர வரம்பு, பார் அந்த உடம்பைப் பிடித்து நிறுத்துமா என்பதை வைத்து ரைடைத் தயாரித்தவர் போட்டது. குழந்தையின் தைரியமும் வயதும் அதில் கணக்கில்லை. குதிகால் தரையில், முதுகு நேராக, தூக்கிக் கட்டிய கொண்டையை அமுக்கி, ஒரே முறை அளக்க வேண்டும். இரண்டாம் முறை அளந்தால் மூன்றாம் முறையும் அளக்கச் சொல்வார்கள். வரிசையின் தொடக்கத்திலேயே அளந்து கையில் பட்டை கட்டிவிடும் பூங்காக்களில் இந்தச் சண்டை பாதியாகக் குறைந்துவிடும். அப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு நாளும் அழும் குழந்தையையும் கோபப்படும் பெற்றோரையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சிவப்புப் பட்டன்

2016 அக்டோபர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் ட்ரீம்வேர்ல்டு பூங்காவில், தண்டர் ரிவர் ராப்பிட்ஸ் என்ற நீர்ரைடில் நான்கு பேர் இறந்தார்கள். பம்பு நின்று நீர்மட்டம் இறங்கியது. ஒரு படகு தட்டி நின்றது. பின்னால் வந்த படகைக் கன்வேயர் அதன்மேல் கொண்டுபோய் மோதியது. பயணிகளை இறக்கிவிடும் இடத்தில் நின்ற ஆபரேட்டருக்கு அந்த ரைடில் அதுதான் முதல் நாள். கன்வேயரைச் சட்டென்று நிறுத்தும் பட்டன் அவர் பக்கத்திலேயே இருந்தது. அது என்ன செய்யும் என்று அவருக்குச் சரியாகச் சொல்லித்தரப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 2020இல் 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

புதிதாகச் சேர்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. எந்த ரைடில் உங்களை வேலைக்குப் போட்டாலும், முதல் பயணி ஏறுமுன் நான்கு கேள்விகளுக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். இங்கே நிறுத்தும் பட்டன்கள் எத்தனை, எங்கெங்கே? ஒவ்வொன்றும் எதை நிறுத்தும்? அழுத்திய பின் முழுதும் நிற்க எத்தனை விநாடி? அழுத்துவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு "வேண்டாம்" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். தேவையில்லாமல் அழுத்திவிட்டதற்காகத் திட்டு விழும் பூங்காவில், தேவைப்படும்போது கை தயங்கும்.

இன்னொரு வகைத் தவறு பழுதுபார்க்கும் பக்கத்தில் நடப்பது. ரோலர் கோஸ்டரின் தடம் பல பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் ரயில் நின்றால் பின்னால் வருவதைக் கட்டுப்பாட்டு அமைப்பே நிறுத்திவிடும். 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், ஸ்மைலர் என்ற கோஸ்டரில் அமைப்பு சரியாகத்தான் நிறுத்தியது. சோதனைக்கு விட்ட காலி ரயில் ஒன்று தடத்தில் சிக்கி நின்றதை அறியாத பொறியாளர்கள் அந்த நிறுத்தத்தை மீறி, 16 பேர் இருந்த ரயிலை அனுப்பிவிட்டார்கள். இளம்பெண்கள் இருவர் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். திரையில் வரும் ஃபால்ட்டை, அதாவது பழுது அறிவிப்பை, அழிப்பதற்கு முன், தடத்தில் எத்தனை ரயில்கள் இருக்கின்றன என்று கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

தொழிற்சாலையில் ஃபிட்டராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் நல்ல இடம் உண்டு. பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), ஹைட்ராலிக், நியூமேடிக், வெல்டிங் பரிசோதனை எல்லாம் அப்படியே பயன்படும். வாசல் திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பே சக்கரம், பிரேக், செயின், போல்ட் சோதனை, பிறகு காலி ஓட்டம். ரைடுக்குள் இறங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் மறுபடி இயக்காதபடி சொந்தப் பூட்டைப் போட வேண்டும்; சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பையில் அல்ல. சம்பள இழப்பு குறைவாக இருப்பதும் ஆண்டு முழுக்க வேலை இருப்பதும் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான். ஆஃப் சீசனில் ரைடைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் வேண்டுமே.

கார்ட்டூன் உருவ உடைக்குள் நிற்பவர்களுக்கு எதிரி வெப்பம். 20 முதல் 30 நிமிடம் உள்ளே, பிறகு உடையைக் கழற்றித் தண்ணீரும் நிழலும். பக்கத்தில் எப்போதும் ஓர் உதவியாளர். பேசாமல் "போதும்" என்று காட்ட ஒரு கைச்சைகை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்க வேண்டாம். நீர்ப்பூங்கா உயிர்காப்பாளர் வேலையில் பரவலாகப் பயன்படும் அளவு 10/20: தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் ஒரு முறை பார்த்து முடிக்க வேண்டும், ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 விநாடிக்குள் சென்றடைய வேண்டும். உங்களுக்குத் தரப்படும் பகுதியின் எல்லா மூலைக்கும் 20 விநாடியில் போக முடியுமா என்று நீந்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பணக்கணக்கு

மாதச் சம்பளத்தை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பூங்கா வேலையில் பெரும்பகுதி சீசன் வேலை, மணிக்கணக்குக் கூலி. பன்னிரண்டு மாதங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எதிர்பார்க்கும் மணி நேரத்தைப் போடுங்கள். மழை, காற்று, இடி காரணமாக ரைடு நின்றால் வீட்டுக்கு அனுப்புவார்களா, அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் அதையும் கழியுங்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, போனஸ் என்று இப்போதைய வேலை தருவதைப் பணமாக மாற்றி எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். வேலை குறையும் மாதங்கள் நான்கு என்றால், அந்த நான்கோடு இன்னும் இரண்டு சேர்த்து ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும்.

காண்ட்ராக்டில் "குறைந்தபட்ச உறுதி மணி நேரம்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2020 காட்டியது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டு கொரோனாவால் 2020 மார்ச் நடுவில் மூடி, 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறந்தது. இடையில், 2020 செப்டம்பரில், டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காப் பிரிவில் 28,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரப் பணியாளர்கள்.

உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. கான்கிரீட் தரையில் எட்டு மணி நேரம் நின்றால் முதலில் வலிப்பது குதிகால், அடுத்தது இடுப்பு. மேஜை வேலையிலிருந்து வருகிறவர்கள் சேர்வதற்கு ஆறு வாரம் முன்பே தினமும் நிற்கும், நடக்கும் நேரத்தைக் கூட்டிப் பழகட்டும். இரண்டு ஜோடி காலணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். மணிக்கு 40 முறை அறிவிப்புச் சொல்லும் இடத்தில் தொண்டையும் போகும். மைக் இருக்கும்போது கத்தாதீர்கள்.

விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வழி இருக்கிறது. இப்போதைய வேலையை வைத்துக்கொண்டே, அங்கே விதி அனுமதித்தால், பூங்காவில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் வார இறுதிகளில் பகுதிநேரமாகப் போங்கள். குறைந்தது எட்டு வார இறுதிகள். முதல் இரண்டு உற்சாகத்தில் ஓடிவிடும், அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ராஜினாமா கடிதத்தை எப்போது கொடுப்பது? வாய்மொழி உறுதி வந்தவுடன் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் அதிகம். எழுத்தில் ஆஃபர், மருத்துவப் பரிசோதனை முடிவு, பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி தொடங்கும் தேதி ஆகிய நான்கும் வந்தபின் கொடுங்கள். ரைடு ஆபரேட்டருக்குப் பயிற்சி முடிவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருக்கக்கூடும். பயிற்சி நாட்களுக்குக் கூலி உண்டா, தேர்வில் தவறினால் இன்னொரு வாய்ப்பா, வேறு பிரிவா, வெளியேற்றமா என்பதையும் ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.