மாண்ட்ரியலில் இறுகிய முடிச்சு கியோட்டோவில் அவிழ்ந்தது ஏன்?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் இன்று உலக நாடுகள் அனைத்தும் இணைந்திருக்கின்றன. பத்தாண்டு கழித்து ஜப்பானின் கியோட்டோவில் உருவான நெறிமுறைக்கோ அமெரிக்கா கடைசிவரை ஒப்புதல் அளிக்கவில்லை. கனடாவும் அதிலிருந்து விலகுவதாக 2011-இல் அறிவித்தது. முன்னது, குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்டு ஓசோன் படலத்தை அரித்த குளோரோபுளூரோகார்பன் என்ற வேதிப்பொருள்களுக்கானது. பின்னது கரியமில வாயு உள்ளிட்ட, புவியைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுக்களுக்கானது.

காற்றுக்கு வேலி கிடையாது. ஒரு நாடு தன் செலவில் ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால், பலன் எல்லா நாடுகளுக்கும் பிரிந்து போகிறது. செலவு மட்டும் அந்த நாட்டின் கணக்கிலேயே நிற்கிறது. ஆகவே ஒவ்வோர் அரசும் பிறர் முதலில் குறைக்கட்டும் என்று காத்திருக்கிறது. கட்டாயப்படுத்த உலக அரசு எதுவும் இல்லாத நிலையில், வெளியே நிற்பது நட்டம் என்ற நிலையை ஒப்பந்தமே உண்டாக்கியாக வேண்டும்.

மாண்ட்ரியல் அதை உண்டாக்கியது. சேராத நாடுகளோடு அந்த வேதிப்பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று அதன் நான்காம் பிரிவு தடுத்தது. ஆனால் தடை மட்டும் போதவில்லை. பணக்கார நாடுகள் கெடுத்த வானத்துக்கு, குளிர்சாதனப் பெட்டியை அப்போதுதான் வாங்கத் தொடங்கியிருந்த தங்கள் மக்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. நியாயமான கேள்வி. 1990-இல் லண்டனில் கூடியவர்கள் அதற்குப் பணத்தால் பதில் சொன்னார்கள்: மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஆகும் கூடுதல் செலவை ஏற்கப் பல்தரப்பு நிதியம் ஒன்று அமைந்தது. முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் மேலும் 8 கோடி. சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தன. குளோரோபுளூரோகார்பனைத் தயாரித்தவை சில நிறுவனங்களே என்பதும் மாற்றுப் பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பதும் பெரிய வசதி. நிலக்கரிக்கும் பெட்ரோலியத்துக்கும் அந்த வசதி இல்லை என்பதை மறைக்கக் கூடாது.

கியோட்டோவில் தொழில்வள நாடுகள், 2008–2012 காலத்தில் 1990-ஆம் ஆண்டின் அளவைவிடச் சராசரியாக 5.2 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. வெளியே நின்றவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. உள்ளே இருந்து இலக்கைத் தவறவிட்டவர்கள், விடுபட்ட அளவைப்போல் 1.3 மடங்கை அடுத்த காலகட்டத்தில் ஈடுகட்ட வேண்டும் என்று விதி இருந்தது. விலகிவிட்டால் அந்த விதியும் இல்லை. வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தத்தை ஏற்கக் கூடாது என்று, மாநாட்டுக்கு முன்பே 1997 ஜூலையில், ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க மேலவையான செனட் 95–0 என்ற கணக்கில் தீர்மானித்திருந்தது.

அதனால்தான் 2015-இன் பாரிஸ் ஒப்பந்தம், அவரவர் இலக்கை அவரவரே எழுதிக்கொள்ளும்படி அமைந்தது. வளர்ந்த நாடுகளின் இலக்கு பற்றிய வரியில் கட்டாயத்தைக் குறித்த வினைச்சொல்கூட, செனட்டின் ஒப்புதலைத் தேட நேராதபடி, கடைசி மணி நேரங்களில் அறிவுரைச் சொல்லாக மாற்றப்பட்டது.

மாண்ட்ரியலில் பயன்பட்டு, பிறகு விட்டுப்போன வணிகக் கருவி இப்போது வேறு வழியாகத் திரும்பியிருக்கிறது. எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்ற இறக்குமதிகளின் உற்பத்தியில் வெளியான கரியமில வாயுவுக்கு விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கட்டணம், 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. இந்தியா இதை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் லண்டனில் தடையோடு நிதியும் சேர்ந்து வந்தது, இங்கோ கட்டணம் மட்டும் வந்திருக்கிறது, அதன் வருவாய் வளரும் நாடுகளுக்கென்று ஒதுக்கப்படவில்லை. வளரும் நாடுகளின் காலநிலை நடவடிக்கைகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாக வளர்ந்த நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் தந்த வாக்கு, 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடன்.