ஒரு நாள் குஞ்சை அமுக்கிப் பார்க்காதீர்கள்

வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகி, தலை தொங்கிய நாட்டுக்கோழிக் குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் வருவது நிற்கவே இல்லை. கேட்டால் ஒரே பதில்: "சேவலா பெட்டையான்னு அமுக்கிப் பார்த்தோம் டாக்டர்."

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருக்கும். முதல் சில நாள் அதுதான் தீனி. அமுக்கினால் அந்தப் பை உடையும். உடைந்தால் பிழைப்பது அரிது. இப்படி அமுக்கி, எச்சத்துவாரத்தைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லும் முறை 1920களில் ஜப்பானில் உருவானது. உள்ளே தேடுவது குண்டூசித் தலையளவு மேடு; இருந்தால் சேவல் என்பது கணக்கு. ஆனால் சில பெட்டைகளுக்கும் அது இருக்கும். நீண்ட பயிற்சி பெற்றவர்கள் முதல் நாளிலேயே பார்க்கிற வேலை அது. வீடியோ பார்த்துச் செய்வதல்ல.

அடுத்தது இறக்கையைப் பார்த்துச் சொல்வது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. விரித்த இறக்கையில் கீழ்வரிசை இறகு நீண்டு, மேல்வரிசை குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ மேல்வரிசை நீண்டோ இருந்தால் சேவல். உண்மைதான், ஆனால் எந்தக் குஞ்சில்? வேகமாக இறகு முளைக்கும் வம்சச் சேவலையும் மெதுவாக முளைக்கும் வம்சப் பெட்டையையும் திட்டமிட்டுச் சேர்த்த பண்ணைக் குஞ்சில், அதுவும் முதல் ஓரிரு நாளில். உங்கள் சிறுவிடைக்கு (சின்ன உருவ நாட்டுக்கோழிக்கு) அப்படி யார் ஜோடி சேர்த்தார்கள்? தாய், தகப்பன் இரண்டும் வேக இறகு வம்சமாக இருந்தால் எல்லாக் குஞ்சுக்கும் கீழ்வரிசை நீண்டுதான் இருக்கும். "பெட்டி முழுக்கப் பெட்டை" என்று விற்பவருக்கு இது வசதி.

கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டையாம். ஒரு கோழி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் முட்டையிடும். அப்படியானால் கூர்முட்டைக் கோழிக்குப் பெட்டைக் குஞ்சே பிறக்கக் கூடாதே! குஞ்சின் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுச் சொல்வதும் காசு சுண்டிச் சொல்வதும் ஒன்று.

(தெருவில் விற்கும் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகம் கழித்த சேவல்கள். முட்டைக்குக் காத்திருக்க வேண்டாம்.)

பொறுங்கள். ஐந்தாறு வாரத்தில் சேவலின் கொண்டை அடி தடித்துச் சிவக்கும்; பெட்டைக்கு வெளிறியே இருக்கும். பெரிய உருவ நாட்டுக்கோழியான பெருவிடைக்குக் கொண்டையே சிறிது, ஏமாற்றும். பத்து, பன்னிரண்டு வாரத்தில் வாலடி முதுகில் ஓர் இறகை மட்டும் விரலால் ஒதுக்கிப் பாருங்கள்: ஒடுங்கி, நுனி கூர்த்து மினுங்கினால் சேவல், நுனி வட்டமாக இருந்தால் பெட்டை.

பத்துப் பெட்டை வேண்டுமா? குஞ்சாக இருபதுக்கு மேல் வாங்குங்கள், அல்லது மூன்று மாத விடையாகவே (இளம் பெட்டையாகவே) வாங்குங்கள். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சச் சேவல்களைச் சண்டை தொடங்கும் முன் பிரித்துவிடுங்கள். நாட்டுக்குஞ்சில் "உத்தரவாதப் பெட்டை" என்றால் கூடுதல் காசு தராதீர்கள்.

ஏற்கெனவே அமுக்கியாயிற்றா? மஞ்சள், சாம்பல் எதையும் தொப்புளில் அப்பாதீர்கள். தனியாக, முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், தயவுசெய்து.