அலறுபவர் காத்திருக்கலாம்

நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து இருபது பேருக்குக் காயம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்து சேர்ந்தது ஒரே ஓர் ஆம்புலன்ஸ். கால் முறிந்த ஒருவர் ஊருக்கே கேட்கும்படி அலறுகிறார். கூடியிருப்பவர்கள் அவரைத்தான் முதலில் தூக்கச் சொல்வார்கள். பயிற்சி பெற்றவரின் கண்ணோ சத்தமே போடாமல் கிடப்பவரைத் தேடும். அலற முடிகிறதென்றால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. அவருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இந்த வேலைக்கு ட்ரையாஜ் என்று பெயர். தரம் பிரிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இது. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வைத்தவர். சிப்பாய்க்கு அப்புறம்தான் தளபதி என்பது அந்தக் காலத்தில் லேசான விஷயமா?

இன்று பரவலாகப் புழங்கும் ‘ஸ்டார்ட்’ முறையைக் கலிபோர்னியாவின் ஹோக் மருத்துவமனையும் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் 1983இல் உருவாக்கின. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. “நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்த மரத்தடிக்கு வாங்க” என்று முதலில் குரல் கொடுப்பார்கள். எழுந்து வருபவர்களுக்குப் பச்சை அட்டை. மற்றவர்களிடம் மூச்சு, நாடி, நினைவு மூன்றையும் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர். மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை என்றாலும் சிவப்பு. “கையை மூடித் திறங்க” என்று சொன்னதைச் செய்ய முடியவில்லை என்றாலும் அதே சிவப்புதான். மூன்றிலும் தேறினால் மஞ்சள், சற்றுக் காத்திருக்கலாம். மூச்சே இல்லாதவருக்குத் தலையைச் சரிசெய்து மூச்சுப்பாதையைத் திறந்து பார்ப்பார்கள்; அப்போதும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, காப்பாற்ற வழியில்லை என்று விட்டுவிட வேண்டியவர்.

இத்தனை கருவிகள் இருக்கும்போது மணிக்கட்டை ஏன் தொட்டுப் பார்க்க வேண்டும்? உடம்பு ஏமாற்றக்கூடியது என்பதால்தான். பெரியவர் ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒரு லிட்டர் போனாலும், திடமான இளைஞருக்குப் பிரஷர் அநேகமாகச் சரியாகவே காட்டும். இதயம் வேகமாக அடிக்கும். தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, மிச்ச ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். கை ஜில்லிட்டுப் போவது அதனால்தான். ஒன்றரை லிட்டரைத் தாண்டியதும் இந்தச் சமாளிப்பு உடைந்து, பிரஷர் சட்டென்று சரியும். அப்புறம் ஓடிவந்து பார்த்தால் பல நேரம் தாமதமாகிவிடும். ஜில்லிட்ட கையும் படபடக்கும் நாடியும் அதற்கு முன்பே எச்சரித்துவிடுகின்றன.

கொட்டும் ரத்தத்தை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும். உறைந்த ரத்தம் மறுபடி கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் விலை குறைந்த மருந்து. 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில், 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் அது சோதிக்கப்பட்டது. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைகிறது. அதற்குப் பின் கொடுத்தால் கெடுதலாகவும் முடியலாம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இடம் பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வந்தபின் நிறம் மாறவும் செய்யும். மஞ்சளில் படுத்திருப்பவர் அரை மணியில் சிவப்புக்குப் போகலாம். அதனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயந்துகொண்டு எல்லோருக்கும் சிவப்பு கொடுத்தாலும் ஆபத்துதான். உண்மையான சிவப்பு அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

எல்லாவற்றிலும் கடினமானது கறுப்பு. ஆள் பலமும் மருந்தும் போதாத இடத்தில் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. மின்னல் தாக்கிய இடத்தில் இந்த வரிசையே தலைகீழ். மூச்சு விடுபவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். செத்தவர் போல் கிடப்பவரின் இதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கலாம். ஆனால் மூச்சு திரும்ப இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில் யாராவது மூச்சு கொடுக்காவிட்டால் இதயம் மறுபடி நின்றுவிடும். அங்கே ஓட வேண்டியது அவரிடம்தான்.